வரையத் தெரியாதவன் போட்ட 41 கட்டங்கள்

எனக்கு வரைய வராது. சுமாரா வரைவேன் என்று அடக்கத்துக்குச் சொல்கிற ரகமில்லை. நான் போட்ட சில்வர் ஓக் மரத்தைப் பார்த்துவிட்டு எங்கள் கேமராக்காரன் "இந்த சீனுக்கு எத்தனை குடை வேணும்?" என்று கேட்டான், அந்த ரகம். அதனால் மூன்று குறும்படம் எடுக்கிற வரைக்கும் ஸ்டோரிபோர்டு, அதாவது எடுக்கப்போகிற ஷாட்டை எல்லாம் முன்கூட்டியே கட்டம் கட்டமாக வரைந்து வைப்பது, என்ற பேச்சே என்னிடம் கிடையாது. அதெல்லாம் சென்னையில் பெரிய பட்ஜெட் வைத்துக்கொண்டு ஆர்ட்டிஸ்ட்டுக்குச் சம்பளம் கொடுக்கிறவர்கள் சமாச்சாரம், கோத்தகிரியில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டு சைடில் படம் பண்ணுகிறவனுக்கு ஷாட் டிவிஷன் (காட்சியை எந்தெந்த ஷாட்டாக எடுப்பது என்ற பட்டியல்) எழுதினாலே பெரிது என்றுதான் இருந்தேன்.

மனசு மாறினது மூன்றாவது படத்தின் எடிட்டிங்கில். ஒரு பஸ் ஸ்டாப், அப்பாவும் மகனும் பேசுகிறார்கள், அவ்வளவுதான் காட்சி. அப்பாவின் குளோஸை, அதாவது முகத்தைக் கிட்டத்தில் காட்டுகிற ஷாட்டை, ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று எடுத்தோம். மகனின் குளோஸுக்கு வரும்போது இந்தப் பக்கம் ஒரு லாரியை நிறுத்திவிட்டு டிரைவர் டீ குடிக்கப் போய்விட்டார். சரி, அந்தப் பக்கம் போய் எடுத்துக்கலாம் என்று ரோட்டைத் தாண்டிப் போய் எடுத்தோம். எடிட்டில் வைத்துப் பார்த்தால் அப்பாவும் வலது பக்கம் பார்க்கிறார், மகனும் வலது பக்கம் பார்க்கிறான். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துப் பேசுகிற மாதிரியே இல்லை, ரெண்டு பேரும் வராத பஸ்ஸை எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. லுக்கை, அதாவது ஆள் பார்க்கிற பக்கத்தை, சரிபண்ண ஒரு ஷாட்டை அப்படியே இடவலமாகத் திருப்பிப் போட்டேன். பின்னாலிருந்த கடை போர்டின் எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஆகி, சட்டைப் பாக்கெட் வேறு நெஞ்சின் மறுபக்கம் போய்விட்டது. இமேஜினரி லைன் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். பேசுகிற ரெண்டு பேரையும் இணைத்து ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு கேமரா அதற்கு ஒரே பக்கம் நிற்க வேண்டும். எனக்கு அது தெரியாமல் இல்லை. ஸ்பாட்டில் லாரி நிற்கும்போது ஞாபகம் வரவில்லை, அதுதான் விஷயம்.

அதனால் போன நவம்பர் கடைசியில் எடுத்த படத்துக்கு ஸ்டோரிபோர்டு போட்டே தீருவது என்று உட்கார்ந்தேன். 12 நிமிடப் படம், 9 காட்சி. ஒரு பாட்டி தன் சின்னத் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்தை எடை போடக் கொண்டுவருகிறார். மழை நாளில் பறித்த இலை ஈரமாக இருக்கும் என்று எடையில் கொஞ்சம் கழிப்பார்கள் இல்லையா, அந்தக் கழிவு எவ்வளவு என்பதில்தான் கதை. அஞ்சு பேர் டீம், 2 நாள் ஷூட்டிங், அதற்கு மேல் கையில் காசில்லை.

முதல் நாள் ராத்திரி ஏ4 தாளில் 8 செ.மீ. அகலம், நாலரை செ.மீ. உயரம் என்று கட்டம் போட்டேன். படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள 16:9 கணக்குக்கு அது சரியாக வரும். ஒரு தாளுக்கு ஆறு கட்டம், மீதி இடம் எழுத. உள்ளே குச்சி மனிதர்கள். மூன்று மணி நேரத்தில் 41 கட்டம் முடிந்தது, எனக்கே பெருமையாக இருந்தது. மறுநாள் டீமில் காட்டினேன். குடைக் கதை அப்போது நடந்ததுதான். அதைவிட மோசம், பாட்டி தராசைப் பார்க்கிறாரா, வியாபாரியைப் பார்க்கிறாரா, நம்மைப் பார்க்கிறாரா என்று ஒருத்தருக்கும் புரியவில்லை. குச்சிக்குத் தலை இருக்கிறது, முகம் இல்லை.

இதற்கு ஒரே ஒரு மாற்றம் போதுமாக இருந்தது. வட்டத்தில் ஒரு மூக்கு. கண் வேண்டாம், வாய் வேண்டாம், வட்டத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு கோடு இழுத்தால் ஆள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார் என்று தெரிந்துவிடும். வட்டத்துக்கு நடுவில் ஒரு புள்ளி வைத்தால் கேமராவைப் பார்க்கிறார், ஒன்றுமே இல்லாவிட்டால் முதுகு. 41 கட்டத்துக்கும் மூக்கு வைக்க இருபது நிமிஷம் ஆனது. அப்போதே ஆறாவது கட்டத்திலும் ஒன்பதாவது கட்டத்திலும் ரெண்டு மூக்கும் ஒரே பக்கம் நீட்டிக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. பஸ் ஸ்டாப் தப்பு மறுபடியும். இந்த முறை தாளிலேயே மாட்டியது, அழித்து மாற்றிப் போட ரப்பர் போதும்.

இன்னொன்று, தொடுவானக் கோட்டை முதலில் போடு, அது கேமராவின் உயரத்தைச் சொல்லும் என்று எங்கே பார்த்தாலும் சொல்லித் தருகிறார்கள். சமதளத்தில் அது சரி. எங்கள் ஊரில் தொடுவானம் எங்கே இருக்கிறது? எந்தப் பக்கம் திரும்பினாலும் சரிவு. டிரைபாடில் நீர்க்குமிழி நடுவில் நின்றாலும் தேயிலை வரிசை எல்லாம் சாய்ந்து ஓடுவதால் ஃபிரேமே கோணலாக இருக்கிற மாதிரி தெரியும். அதனால் தொடுவானத்துக்குப் பதிலாக ஒவ்வொரு கட்டத்திலும் சரிவு எந்தப் பக்கம் இறங்குகிறது என்று ஒரு சாய்கோடு போட்டேன். அடுத்தடுத்த ரெண்டு கட்டத்தில் கோடு எதிர் எதிராகச் சாய்ந்தால் பார்க்கிறவனுக்கு இடம் குழம்பும். இது மலையில் படம் எடுக்கிறவர்களுக்கு மட்டும் வருகிற தொல்லை என்று நினைக்கிறேன்.

இவ்வளவு செய்தும் போர்டு பாதி வேலைதான் செய்தது, ஏனென்றால் நான் போட்ட கட்டம் எல்லாம் என் மண்டைக்குள் இருந்த இடம். நிஜ இடத்தில் அந்த ஷாட் கிடைக்குமா என்பதைக் கட்டம் சொல்லாது. எனக்கு ரொம்பப் பயன்பட்டது வேறொரு தாள்: மேலே இருந்து பார்த்த மாதிரி போடுகிற இடத்தின் பிளான். இதற்கு வரையவே தெரிய வேண்டாம், அளவு எடுக்கத் தெரிந்தால் போதும். எடை போடும் ஷெட்டை டேப் வைத்து அளந்து, ஒரு மீட்டருக்கு 2 செ.மீ. என்று தாளில் போட்டேன். தூண், தராசு தொங்குகிற இடம், சாக்கு அடுக்குகிற இடம், படி, எல்லாம் வெறும் கட்டமும் வட்டமும்.

அப்புறம் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் முக்கோணம் வெட்டினேன். எங்களிடம் இருப்பது கிராப் சென்சார் (சென்சார் கொஞ்சம் சின்னதாக இருக்கிற) கேமரா, பெரும்பாலும் 35 எம்எம் லென்ஸ்தான் போடுவோம். அது பக்கவாட்டில் சுமார் 37 டிகிரி பார்க்கும். 37 டிகிரியைக் கோணமானி இல்லாமல் வெட்டுவது சுலபம்: பள்ளிக்கூடத்தில் படித்த 3, 4, 5 செங்கோண முக்கோணத்தின் சின்ன மூலை கிட்டத்தட்ட அதே அளவு. நான் 9 செ.மீ., 12 செ.மீ. பக்கம் வைத்து வெட்டினேன். அந்தக் கூர் மூலையை பிளானில் கேமரா இருக்கும் இடத்தில் வைத்தால், முக்கோணத்துக்குள் விழுவதெல்லாம் ஃபிரேமில் இருக்கும், வெளியே இருப்பது இருக்காது.

வைத்துப் பார்த்த அன்றைக்குத்தான் முக்கியமான ஷாட்டே நடக்காது என்று தெரிந்தது. பாட்டி ஒரு பக்கம், வியாபாரி ஒரு பக்கம், நடுவில் முள் தராசு, மூன்றும் ஒரே வைடில், அதாவது இடம் முழுக்கத் தெரிகிற ஷாட்டில். அதற்கு மூன்று மீட்டர் அகலம் ஃபிரேமுக்குள் வர வேண்டும். அந்த லென்ஸில் அப்படி வர கேமரா நாலரை மீட்டர் பின்னால் போகணும். ஷெட்டுக்குப் பின்னால் மூன்று மீட்டரில் தடுப்புச் சுவர், அதற்கு அப்பால் பள்ளம். ஸ்பாட்டில் போய் இது தெரிந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று எனக்கு நன்றாகத் தெரியும்: கேமராவோடு கூடவே வந்த கிட் லென்ஸை மாட்டி வைடாக இழுத்து, ஓரத்தில் நிற்கிற பாட்டியின் முகம் இழுபட்டு, வேறு வழியில்லை ஓகே என்று போயிருப்போம். தாளில் தெரிந்ததால் முக்கோணத்தைச் சுற்றிச் சுற்றி நகர்த்திப் பார்த்தேன். முன்பக்கம், கீழ் வரிசைத் தேயிலைக்குள் இறங்கி நின்றால் அஞ்சு மீட்டர் கிடைக்கிறது. கேமரா கீழே இருப்பதால் தராசு வானத்துக்கு எதிரே தொங்கும். படத்தில் எல்லோரும் பாராட்டின ஷாட் அதுதான். அது என் ரசனையில் வந்ததல்ல, தடுப்புச் சுவரால் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனோடு லொகேஷனுக்குப் போனேன். தம்பி ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாட்டி, தூணில் மாட்டின ரெயின்கோட் வியாபாரி. போனின் சாதாரண கேமரா ரொம்ப வைடு, அதில் எடுத்தால் ஏமாந்துபோவோம். 2 எக்ஸ் வைத்து எடுத்தால் ஏறக்குறைய எங்கள் 35 எம்எம் பார்க்கிற அகலமே வருகிறது. அந்த போட்டோவை எல்லாம் கருப்பு வெள்ளையில் பிரின்ட் போட்டு குச்சி மனிதர்கள் மேலேயே ஒட்டினேன். வீட்டில் சாப்பாட்டு மேஜையில் உப்பு டப்பாவையும் எலுமிச்சம்பழத்தையும் ஆளாக வைத்து எடுத்தும் பார்த்தேன், லுக் சரிபார்க்க அது போதும். ஆனால் போன் அவ்வளவு கிட்டே போகும்போது எலுமிச்சம்பழம் மலை மாதிரி தெரிகிறது, அளவை நம்ப முடியாது.

கம்ப்யூட்டரில் செய்யலாமே என்று கேட்பார்கள். ஸ்டோரிபோர்டர் என்றே ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது, அதில் முப்பரிமாண பொம்மைகளை நிறுத்தி, லென்ஸ் தேர்ந்தெடுத்து ஃபிரேம் பார்க்கலாம். சமதளக் கதைக்கு அருமை. நான் பொம்மைகளைச் சரிவில் நிறுத்தப் படாத பாடு பட்டுவிட்டு லேப்டாப்பை மூடிவிட்டேன். ஏஐயில் படம் போடச் சொல்லியும் பார்த்தேன். அழகான படங்கள். நெற்றி நிறைய பொட்டோடு, மடிப்புக் கலையாத புடவையில், சாயங்கால வெயில் முகத்தில் அடிக்க ஒரு பாட்டி. அதைப் பார்த்ததிலிருந்து கேமராக்காரனுக்கு அந்த லைட்தான் வேண்டும். நவம்பரில் கோத்தகிரியில் அந்த வெயிலை எங்கே போய்க் கடன் வாங்குவது? அன்றைக்கே அதை அழித்தேன். என் குச்சி மனிதனைப் பார்த்து யாரும் மயங்கப் போவதில்லை, அதுவே பெரிய சௌகரியம்.

வரையத் தெரியாதவர்கள் இந்தப் பக்கமே வராததற்குக் காரணம், ஸ்டோரிபோர்டு என்றதும் ஞாபகத்துக்கு வருவதெல்லாம் ஓவியர்கள் போட்டது என்பதுதான். வழக்கமே 1930-களின் தொடக்கத்தில் டிஸ்னி ஸ்டுடியோவில், கார்ட்டூன் படத்துக்காகப் படங்களைப் பலகையில் வரிசையாகக் குத்தி வைத்ததில் வேர் விட்டது. அங்கே கோடுதானே படம். சத்யஜித் ராய் முதல் படத்துக்கே காட்சிகளை மையில் வரைந்து வைத்திருந்தார் என்று சொல்லிச் சொல்லி நம்மைப் பயமுறுத்துவார்கள். அவர் கல்கத்தாவில் விளம்பரக் கம்பெனியில் ஓவியராக வேலை பார்த்தவர். அவருக்கு அது கையெழுத்து மாதிரி. எனக்குக் கையெழுத்தே கோழி கிளறின மாதிரிதான்.

சரி, ஷூட்டிங்குக்கு வருவோம். முதல் நாள் சமையலறைக் காட்சி, 7 கட்டம். நடித்தது நிஜமாகவே கொழுந்து பறித்துப் பழகின பாட்டி, நடிப்பெல்லாம் முதல் தடவை. கட்டம் 3-இல் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி அடுப்பு பற்றவைக்க வேண்டும். "ஜன்னலப் பாத்து யாராவது அடுப்பு பத்த வைப்பாங்களா, காத்து அடிக்காதா?" என்று முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். "பாட்டி, ஒரே ஒரு தடவை இப்படி" என்று ரெண்டு தடவை கெஞ்சினேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த அம்மாவின் உடம்பு விறைத்துக்கொண்டே போனது. மூன்றாவது தடவை தாளைச் சுருட்டிப் பையில் வைத்துவிட்டு, கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டு கூடவே போகச் சொன்னேன். ரெண்டு நிமிஷம், ஒரே ஷாட். படத்தில் உயிராக இருக்கிற இடம் அதுதான். 7 கட்டமும் வீண், அதற்குச் செலவழித்த ராத்திரியும் வீண்.

ரெண்டாம் நாள் எடைக் காட்சி, 14 கட்டம். இங்கே கதை தலைகீழ். கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பர்தான் மழை, கீழே மேட்டுப்பாளையம் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து மத்தியானத்துக்கு மேல் மிஸ்ட் ஏறி வரும், எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. காலையில் தெளிவாக எடுத்த ஷாட்டோடு மிஸ்ட்டில் எடுத்த ஷாட்டை வெட்டி ஒட்டினால் ஜம்ப் அடிக்கும். ஆனால் மிஸ்ட் தூரத்தைத்தான் முதலில் மறைக்கும். ஆளுக்கு ரெண்டு மீட்டர் பின்னால் தேயிலைச் செடியே பேக்ரவுண்டாக இருந்தால் குளோஸில் மிஸ்ட் இருப்பதே அவ்வளவாகத் தெரியாது. அதனால் முந்தின ராத்திரி 14 கட்டத்தையும் கத்தரியால் வெட்டி, கதை வரிசையை விட்டுவிட்டு, பின்னால் எவ்வளவு தூரம் தெரிகிறது என்ற வரிசையில் அடுக்கினேன். பள்ளத்தாக்கு தெரிகிற வைடு முதலில், அடுத்து மிட் (வைடுக்கும் குளோஸுக்கும் நடுவில்), கடைசியில் செடியையோ சாக்கையோ பின்னால் வைத்த குளோஸ். எது இல்லாவிட்டால் கதை நிற்காதோ அந்த அஞ்சு கட்டத்துக்குச் சிவப்புப் பேனாவில் டிக்.

காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தோம். அஞ்சு ஷாட் முடிந்திருந்தது, அதில் ரெண்டு சிவப்பு டிக். அப்புறம் பாட்டிக்குக் கால் வலி, ஒரு மணி நேரம் ஓய்வு, சாப்பாடு. 1.40-க்கு மிஸ்ட் ஏறி வந்தது. பத்து நிமிஷத்தில் எதிர் மலை போச்சு, அப்புறம் சில்வர் ஓக் போச்சு, தூறலும் ஆரம்பித்தது. பழைய படமாக இருந்தால் அடுத்து என்ன எடுப்பது என்று அஞ்சு பேரும் சண்டை போட்டே வெளிச்சத்தைத் தொலைத்திருப்போம். இந்தத் தடவை மிச்சம் 9 துண்டுத் தாள் கையில். மூன்று சிவப்பு டிக்கை முதலில் எடு, மிச்சத்தைப் பார்த்துக்கலாம். எல்லாமே குளோஸ்: தராசின் முள், பாட்டியின் கண், வியாபாரி பேனாவால் நோட்டில் எண்ணை அடித்துத் திருத்துவது. அப்புறமும் வெளிச்சம் இருந்ததால் இன்னும் ரெண்டு. நாலு கட்டத்தைக் கடைசி வரை எடுக்கவில்லை, எடிட்டில் அதைத் தேடவும் இல்லை.

முள் ஷாட்டை மட்டும் சொல்லணும். கட்டத்தில் நான் போட்டிருந்தது வட்டமும் அதில் ஒரு கோடும், அவ்வளவுதான். ஸ்பாட்டில் சாக்கைக் கொக்கியில் மாட்டியதும் முள் ஆடிக்கொண்டே இருந்தது, நிற்கவே இல்லை. சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. கேமராக்காரன் கட் சொல்லாமல் விட்டான். முள் ஆட்டம் அடங்கி நிற்க 19 விநாடி. கழிவு எவ்வளவு என்று வியாபாரி சொல்கிற வசனம் எழுதி வைத்திருந்தேன், எடிட்டில் அதைத் தூக்கிவிட்டு அந்தச் சொட்டுகளை அப்படியே வைத்தோம். இதை எந்த போர்டிலும் போட்டிருக்க முடியாது. ஆனால் அந்த நேரத்தில் நான் தாளைப் பார்த்துக்கொண்டு தவிக்காமல், அடுத்தது எது என்று தெரிந்து நின்றதால்தான் 19 விநாடி பொறுமை இருந்தது.

ஒரு முட்டாள்தனமும் நடந்தது. சிவப்பு டிக்கை மைப்பேனாவில் போட்டிருந்தேன். தூறலில் கரைந்து மூன்று தாளும் ரத்தக் காயம் பட்ட மாதிரி ஆகிவிட்டது. பென்சில் அல்லது பால்பாயின்ட், மேலே ஒரு பிளாஸ்டிக் உறை. போனிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று நினைக்காதீர்கள், ஈரக் கையில் டச் சரியாக வேலை செய்யாது.

ஆக 9 காட்சியில் போர்டு காப்பாற்றியது மூன்று: எடை, ரோட்டில் சாக்கு தூக்கி வருவது, கடைசியில் பஸ் ஸ்டாப். மூன்றிலும் ரெண்டு பேருக்கு மேல் ஆள் இருந்தார்கள், அல்லது வெளிச்சம் நம் கையில் இல்லை. மீதி ஆறுக்கும் எழுதின ஷாட் டிவிஷனே போதுமாக இருந்திருக்கும். கட்டத்தை விட பிளானும் அட்டை முக்கோணமும்தான் அதிகம் வேலை செய்தது, அதற்குத்தான் நான் அடுத்த தடவையும் முதலில் உட்காருவேன்.

இப்போது அடுத்த கதை பாதி எழுதியாகிவிட்டது. ஒரே ஒரு காட்சிக்குத்தான் கட்டம் போடப் போகிறேன், கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிற பஸ்ஸுக்குள் அக்காவும் தங்கச்சியும் சண்டை போடுவது. ஜன்னல் சீட்டில் யார், வலது பக்கமா இடது பக்கமா என்று இன்னும் முடிவாகவில்லை. வளைவுக்கு வளைவு பள்ளத்தாக்கு பக்கம் மாறிக்கொண்டே இருக்கும், ஒரு ஷாட்டில் பின்னால் வானம், அடுத்ததில் பாறை. நாளைக்குக் காலையில் தம்பியைக் கூட்டிக்கொண்டு ஒரு டிரிப் இறங்கி ஏறணும். அவனுக்கு பஸ்ஸில் வாந்தி வரும், அதனால் ஜன்னல் சீட் அவனுக்குத்தான்.